ஜனவரி முதல் தேதியில் கைமாறும் பட்டியல்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீ இயற்பியல் மாணவன், அணுவைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசு" என்பது நம் செயலாளரின் உத்தரவு. அணுவைப் பற்றிப் பேச இங்கே பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அணுகுண்டு வெடிக்காமல் இருக்க இரண்டு நாடுகள் செய்து வைத்திருக்கும் சில சின்ன ஏற்பாடுகளைப் பற்றி நான் பேசுகிறேன்.

ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2025 ஜனவரியில் இந்தியாவிடம் சுமார் 180 அணு ஆயுதங்கள், பாகிஸ்தானிடம் சுமார் 170. இரண்டும் ஒட்டிய வீடுகள். அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே ஏவுகணை வந்து சேரச் சில நிமிஷம்தான். கையில் இருக்கும் காப்பி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

1981 ஜூன் மாதம் இஸ்ரேல் விமானங்கள் இராக்கின் ஒசிராக் அணு உலையைக் குண்டு வீசித் தகர்த்தன. அதைப் பார்த்ததும் நம் பகுதியிலும் ஒரு பயம் வந்தது. நம்ம கஹூட்டாவுக்கும் இந்தக் கதிதானா என்று பாகிஸ்தான் யோசித்தது. பதிலுக்கு அவர்கள் நம் உலைகளைத் தாக்கினால் என்ன ஆகும் என்ற கவலை இந்தியாவுக்கு. 1985 டிசம்பரில் ராஜீவ் காந்தியும் ஜியா உல் ஹக்கும் டெல்லியில் சந்தித்து, ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று வாய்மொழியாக ஒத்துக்கொண்டார்கள். 1988 டிசம்பர் 31 அன்று இஸ்லாமாபாத்தில், ராஜீவ் காந்தி, பேநசீர் பூட்டோ முன்னிலையில், அது எழுத்தில் வந்தது. 1991 ஜனவரியில் நடைமுறைக்கும் வந்தது.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு. ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று இரண்டு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை, அவை இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையோடு, மற்றவரிடம் கொடுக்க வேண்டும். டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே சமயத்தில் அது கைமாறும். பட்டியலை வெளியிடுவதில்லை. ஆனால் மின்சாரம் தயாரிக்கும் அணு உலைகள் ஒப்பந்தத்தின் வரையறைக்குள் வருகின்றன. அப்படியென்றால் நம்ம கல்பாக்கத்துக்கும் கூடங்குளத்துக்கும் அந்தக் காகிதம் ஒரு காவல். டெல்லி விவகாரம் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது.

"எதிரிகிட்டயே விலாசத்தை எழுதிக் கொடுப்பானா ஒருத்தன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செயற்கைக்கோள் காலத்தில் அணு உலை இருக்கும் இடம் ரகசியமே இல்லை. அந்தக் காகிதம் தரும் தகவலைவிட, "இதையெல்லாம் தொட மாட்டோம்" என்று ஆண்டுக்கு ஒருமுறை சொல்லும் வாக்குத்தான் முக்கியம். 1992இல் முதல் பட்டியல் கைமாறியபோதே எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்களா என்ற சந்தேகம் இரு பக்கமும் இருந்தது. சந்தேகத்தோடேயே வாங்கிக்கொண்டார்கள், அடுத்த ஆண்டும் கொடுத்தார்கள்.

கிராமத்தில் பங்காளிச் சண்டை பார்த்திருப்பீர்கள். வரப்புக்காகக் கோர்ட்டுக்குப் போவார்கள், நல்லது கெட்டதுக்குக்கூட ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதிக்க மாட்டார். ஆனால் பொதுக் கிணற்றில் எவனும் விஷம் கலக்க மாட்டான். அதே தண்ணீரைத்தான் அவன் பிள்ளையும் குடிக்கணும். அணு உலை உடைந்தால் கதிர்வீச்சு எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்குமா?

1999 கார்கில் போருக்குப் பிறகு வந்த ஜனவரியிலும் பட்டியல் கைமாறியது. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதல் நடந்து, எல்லையில் படைகள் குவிந்துகொண்டிருந்த நேரத்திலும் கைமாறியது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகும் நிற்கவில்லை. 2025 ஏப்ரலில் சிந்து நதி ஒப்பந்தத்தையே இந்தியா நிறுத்தி வைத்தது. மே மாதம் நான்கு நாள் சண்டையும் நடந்தது. அதற்குப் பிறகு வந்த 2026 ஜனவரி 1 அன்றும், 35ஆவது முறையாக, பட்டியல் கைமாறியது. பத்திரிகையில் இது ஒரு மூலையில் வரும் சின்னச் செய்தி.

இதனால் ஒரு குண்டாவது குறைந்ததா? இல்லை. 2010க்குள் உலகில் அணு ஆயுதமே இல்லாமல் செய்யும் திட்டத்தை 1988 ஜூனில் ஐ.நா. சபையில் ராஜீவ் காந்தி வைத்தார். 2010 வந்தது, போனது. நடுவில் 1998 மே மாதம் பொக்ரானும் சாகாயும் அதிர்ந்தன. ஆனாலும் அடுத்த பிப்ரவரியில் வாஜ்பாய் பஸ்ஸில் லாகூர் போனார். அங்கே போட்ட அஸ்திவாரத்தில்தான், பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே சொல்லிவிட வேண்டும் என்ற 2005 ஒப்பந்தமும், அணு ஆயுத விபத்து ஏற்பட்டால் உடனே தெரிவிக்க வேண்டும் என்ற 2007 ஒப்பந்தமும் எழுந்தன.

ஓட்டையும் இருக்கிறது. 2022 மார்ச் 9 அன்று இந்தியாவின் பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் புறப்பட்டு, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே போய் விழுந்தது. அதில் வெடிபொருள் வெடிக்கவில்லை, உயிர்ச்சேதமும் இல்லை. தவறு நடந்ததென்று நம் அரசு வெளிப்படையாக அறிவித்தது மார்ச் 11 அன்று. பிறகு விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். பிரமோஸ் குரூஸ் வகை. 2005 ஒப்பந்தமோ பாலிஸ்டிக் வகையை மட்டும்தான் பேசுகிறது. குரூஸ் ஏவுகணைகளையும் அதில் சேர்க்க வேண்டும், அசம்பாவிதம் நேர்ந்தால் சில நிமிஷங்களுக்குள் தகவல் போக வேண்டும். இன்று நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

"நாம கேட்டா நடக்குமா சார்?" என்பீர்கள். நம் கடற்படைத் தளபதியாக இருந்த அட்மிரல் ராமதாஸ், ஓய்வுக்குப் பின் அணு ஆயுதத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தார். அந்தப் பக்கம் லாகூரில் பத்திரிகையாளர் ஐ.ஏ. ரஹ்மான். 1990களில் தொடங்கிய பாகிஸ்தான் - இந்திய மக்கள் மன்றத்தின் வழியாக இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். 2004இல் இருவருக்கும் சேர்த்தே மகசேசே விருது கிடைத்தது. தேசத்துக்காகச் சீருடை அணிந்தவரின் தேசபக்தியை யார் சந்தேகிக்க முடியும்? இன்று இருவரும் இல்லை. அந்த வேலை பாக்கி இருக்கிறது.

கடைசியாக, நம் சொந்த வீட்டு விஷயம். 2025 மே மாதம் நம் சங்கத்து வாட்ஸ்ஆப் குழுவிலேயே, "ஒரேயடியா முடிச்சுடணும்" என்று செய்திகள் வந்தன. எழுதியவர்கள் எல்லாரும் நல்லவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் "முடிப்பது" என்றால் என்னவென்று ஹிரோஷிமாவைப் படித்தவர்களுக்குத் தெரியும். பயங்கரவாதத்துக்குத் தண்டனை வேண்டும் என்பதும், அணு ஆயுதத்தைக் கட்டிப்போட வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை. தம்பி தங்கைகளே, அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வந்தால், பெரியவர்கள் ஆயிற்றே என்று பார்க்காதீர்கள். மரியாதையாகவே மறுத்து எழுதுங்கள். இந்தக் கல்லூரி உங்களுக்கும் எங்களுக்கும் கற்றுக் கொடுத்தது அதைத்தான்.