விடையைச் சொல்லாதீங்க: 6174-ஓட ஒரு ஞாயித்துக்கிழமை

இந்த எபிசோட் கணக்கைப் பத்தி. உடனே ஸ்கிப் பண்ணிடாதீங்க. முதல்ல போன்ல கால்குலேட்டரை எடுங்க. வண்டி ஓட்டிக்கிட்டு கேக்கறவங்க மட்டும் வீட்டுக்குப் போய்ப் பண்ணிக்கோங்க.

உங்க பிறந்த வருஷத்தை எடுத்துக்கோங்க. நான் 1998. அந்த நாலு இலக்கத்தையும் பெருசுல இருந்து சிறுசா அடுக்கினா 9981. சிறுசுல இருந்து பெருசா அடுக்கினா 1899. பெரிய எண்ல இருந்து சின்ன எண்ணைக் கழிச்சா 8082. இப்போ இந்த 8082-க்கும் அதையே பண்ணுவோம். 8820-ல 0288 போனா 8532. மறுபடியும், 8532-ல 2358 போனா 6174. இன்னொரு தடவை பண்ணிப் பாருங்க. 7641-ல 1467 போனா... அதே 6174! அதுக்கு மேல நகராது.

உங்க வருஷத்துக்கும் இதேதான் வரும். நாலும் ஒரே இலக்கமா இல்லாத எந்த நாலிலக்க எண்ணை எடுத்தாலும், அதிகபட்சம் ஏழு சுற்றுக்குள்ள 6174-க்கு வந்து சேர்ந்துடும்.

இதைக் கண்டுபிடிச்சவர் பேரு கப்ரேகர். நாசிக் பக்கத்துல தேவ்லாலின்னு ஒரு ஊர், அங்க ஸ்கூல் வாத்தியார். ஆராய்ச்சிப் பட்டம் எதுவும் கிடையாது. எண்களோட விளையாடறதுதான் அவர் வாழ்க்கை. இந்த 6174-ஐப் பத்தி 1949-ல நம்ம மெட்ராஸ்ல நடந்த கணித மாநாட்டுலதான் சொன்னார். 1975-ல மார்ட்டின் கார்ட்னர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில எழுதின பிறகுதான் உலகம் முழுக்க அவர் பேர் பரவுச்சு. இன்னைக்கு இந்த எண்ணுக்கே 'கப்ரேகர் மாறிலி'ன்னு பேர்.

சரி, இதை ஏன் இப்போ சொல்றேன்?

எங்க அபார்ட்மென்ட்ல ஞாயித்துக்கிழமை காலையில ஏழெட்டுப் பசங்களோட உக்காந்து கணக்கு விளையாடறேன். நாலாவதுல இருந்து ஏழாவது வரைக்கும் படிக்கிறவங்க. அதுல பாதிப் பேர் முதல் நாளே சொன்னது: "எனக்குக் கணக்கு வராது அண்ணா." ஒன்பது வயசுல ஒரு குழந்தை இப்படி முடிவு பண்ணிட்டா, அது கணக்கோட மட்டும் நிக்காது. பத்தாவதுக்கு அப்புறம் எந்த குரூப், எந்த காலேஜ், எந்த வேலைன்னு ஒவ்வொரு கதவா தானே சாத்திக்க ஆரம்பிச்சுடும்.

'வராது'ன்னா என்னன்னு கேட்டேன். ஒரு ஆறாம் வகுப்புப் பொண்ணு சொன்னா: "நான் யோசிக்கிறதுக்குள்ள வேற யாராச்சும் சொல்லிடுவாங்க." அவளுக்குத் தெரிஞ்ச கணக்கு அவ்வளவுதான். விடை ஏற்கெனவே புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல இருக்கு, யார் முதல்ல சொல்றாங்கன்றதுதான் போட்டி.

அதனால அன்னைக்கு விடையே சொல்லாம ஆரம்பிச்சேன். 6174-ன்னு வாயைத் திறக்கலை. ஆளுக்கொரு நாலிலக்க எண் எடுத்துக்கச் சொன்னேன். ஒருத்தன் அப்பாவோட பைக் நம்பர், ஒருத்தி போன் நம்பரோட கடைசி நாலு. கொஞ்ச நேரத்துல ஒரு குரல்: "அண்ணா, இது மாட்டிக்கிச்சு, அதேதான் திரும்பத் திரும்ப வருது!" பக்கத்துல இருந்தவன் எட்டிப் பார்த்துட்டு, "டேய், எனக்கும் 6174 டா!"

உடனே சந்தேகம். "நீங்க ஏதோ ட்ரிக் பண்றீங்க." சரி, உடைச்சுக் காட்டுங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம் என் வேலை சும்மா உக்காந்து பாக்கறது மட்டும்தான். ஒருத்தன் 1111 எடுத்து ஜீரோ வர வெச்சுட்டு டான்ஸ் ஆடினான். அந்த ஆறாம் வகுப்புப் பொண்ணு எடுத்தது 1000. அதுல 0001 போனா 999. இப்போ இதை 999-னு எழுதணுமா, 0999-னு எழுதணுமா? 999-னு வெச்சா அடுத்த சுற்றுலயே ஜீரோ. 0999-னு வெச்சா 8991, 8082, 8532, கடைசியில 6174.

பத்து நிமிஷம் சண்டை. "முன்னாடி இருக்கிற ஜீரோவுக்கு மதிப்பு கிடையாது, மிஸ்ஸே சொல்லியிருக்காங்க"ன்னு ஒரு கட்சி. "ஆட்டமே நாலு இலக்கத்துக்குத்தானே, நடுவுல ஒண்ணைத் தொலைச்சா எப்படி?"ன்னு அவ. கடைசியில அவ கட்சி ஜெயிச்சது. விதின்னா நாமளும் யோசிச்சு வகுக்கிறதுதான்னு அந்தப் பசங்களுக்கு அன்னைக்குப் புரிஞ்சுது.

அப்புறம் ரெண்டு இலக்கத்துக்கு இறங்கினோம். 41-ல 14 போனா 27. 72-ல 27 போனா 45. 54-ல 45 போனா 9. அதை 09-னு வெச்சா, 90-ல 09 போனா 81. அப்புறம் 63, மறுபடி 27. இங்க ஒரு எண்ல நிக்காம வட்டமா சுத்துது. ஒரு பையன் கவனிச்சுட்டான்: "எல்லாமே ஒன்பதாம் வாய்ப்பாடு!" ஏன்னு கேட்டுட்டு நான் சும்மா இருந்தேன். ரொம்ப நேரம் அமைதி. அந்த அமைதியைத் தாங்கறதுதான் பெரியவங்களுக்குக் கஷ்டம், நாக்கு நுனியில பதில் துடிக்கும். கடைசியில அவனே காசுக் கணக்கா சொன்னான்: "72-ல ஏழு பத்து ரூபா, ரெண்டு ஒரு ரூபா. திருப்பிப் போட்டா அஞ்சு பத்து ரூபா, ஒரு ரூபாயா மாறிடுது. ஒவ்வொண்ணுலயும் ஒன்பது ரூபா நஷ்டம்." அஞ்சு ஒன்பது 45. இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

நான் ப்ரோக்ராமர். ஒரு சின்ன லூப் எழுதினா 1000-ல இருந்து 9999 வரை அத்தனையையும் கண் சிமிட்டற நேரத்துல சோதிச்சுடலாம். எல்லாம் 6174-க்கு வருதுன்னு அது சொல்லிடும். ஏன் வருதுன்னு சொல்லாது. அந்த 'ஏன்'தான் அன்னைக்கு அவங்களை மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க விடலை.

வாய்ப்பாடு வேணாம், பயிற்சி வேணாம்னு நான் சொல்லலை. அன்னைக்கு ஒவ்வொருத்தரும் இருபது தடவையாவது கடன் வாங்கிக் கழிச்சிருப்பாங்க. அதையே ஹோம்வொர்க்கா குடுத்திருந்தா முகம் எப்படிப் போயிருக்கும்னு உங்களுக்கே தெரியும். இங்க அவங்களுக்குத் தெரிஞ்சுக்க வேண்டிய ஒண்ணு இருந்துச்சு, கழித்தல் அதுக்கு வழி.

உங்க வீட்டுல அக்கா பொண்ணோ, தம்பியோ இருந்தா இந்த வாரம் முயற்சி பண்ணுங்க. எண்ணை அவங்களே எடுக்கட்டும். சரியா சொன்னாலும் "எப்படிக் கண்டுபிடிச்ச?"ன்னு கேளுங்க. முக்கியமா, விடையைச் சொல்லிடாதீங்க.

உங்களுக்கும் ஒண்ணு. இதையே மூணு இலக்கத்துல பண்ணுங்க. அதுவும் ஒரு எண்ல போய் நிக்கும். போற வழியில ஒவ்வொரு விடையிலும் நடு இலக்கத்தை மட்டும் கவனிங்க. ரெண்டு இலக்கம் வந்தா முன்னாடி ஜீரோ போட மறந்துடாதீங்க. ஏன் அப்படி வருதுன்னு கண்டுபிடிச்சா எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. விடை? நான் சொல்லப் போறதில்லை. அடுத்த எபிசோட்ல பாப்போம்!