அஞ்சும் குதிரையை அழைத்தல்



நம் விருதுநகர் வட்டாரத்துக் கண்மாய்க் கரைகளில் அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட மண்குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். கால்களை ஊன்றி, கண்களை உருட்டி, மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் அவை நிற்கும். குதிரை என்றால் அஞ்சாத விலங்கு என்ற எண்ணம் இளமையிலேயே எனக்கு அவற்றால்தான் ஏற்பட்டிருக்க வேண்டும். உயிருள்ள குதிரையோ அச்சத்தாலேயே உயிர் பிழைத்து வந்த விலங்கு. அதற்குக் கொம்பில்லை, மரமேறத் தெரியாது, ஓட்டம் ஒன்றே அதன் காவல். இந்த உண்மையை நான் தெரிந்துகொண்ட விதம் பெருமைப்படத் தக்கதன்று. ஆயினும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கையில், சிவகாசிச் சாலையை ஒட்டிய ஒரு கண்மாய்க்குள் ஒரு தாய்க் குதிரையும் அதன் ஆண்குட்டியும் திரிந்துகொண்டிருந்தன. திருமண ஊர்வலத்துக்கென வைத்திருந்த எவரோ தீனி போட மாட்டாமல் தாயை விட்டுச் சென்றிருக்கலாம். குட்டி அந்தச் சீமைக் கருவேல மரங்களுக்கிடையிலேயே பிறந்தது. இரண்டு வயது இருக்கும். மனிதக் கை அதன்மேல் பட்டதே இல்லை. சரக்கு லாரிகள் இரவும் பகலும் ஓடும் பருவம் அது. எங்கேனும் வெடியோசை கேட்டால் போதும், இரண்டும் கண்மூடித்தனமாகச் சாலையில் பாய்ந்தன. அந்த ஓசையால்தான் நம் பக்கத்தில் பல்லாயிரம் குடும்பங்கள் உண்கின்றன. ஆகவே நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. நம் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையே கேட்கும். குதிரையின் செவி 33,000 வரை கேட்கும் என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கும் அன்பர் ஒருவர் இரண்டையும் வளர்க்க இசைந்தார். காவல் நிலையத்திலும் கால்நடை மருத்துவரிடமும் தெரிவித்துவிட்டு, லாரியும் பேசியாயிற்று. பிடித்து ஏற்றுவதுதானே மிச்சம் என்று நானும் நான்கு இளைஞர்களும் கயிறுகளோடு புறப்பட்டோம்.

நடந்தது என்ன? நாங்கள் வளைத்தோம், குட்டி எங்களைத் தாண்டிச் சாலையில் பாய்ந்தது. எதிரே வந்த லாரியின் ஓட்டுநர் உயிரைக் கொடுத்து வண்டியை நிறுத்தினார். குட்டியின் முழங்கால் இரண்டும் சிராய்த்துக் குருதி வழிந்தது. அதுவரை இருபதடித் தொலைவில் எங்களைப் பொறுத்துக்கொண்டிருந்த தாய்க் குதிரை, அன்று மாலை நூறடிக்கு அப்பாலே ஓடியது. மனிதன் வந்தால் ஓட வேண்டும் என்ற பாடத்தை ஒரே நாளில் நாங்கள் திருத்தமாகக் கற்பித்துவிட்டோம்!

மறுநாள் ஒரு பெரியவர் வந்தார். இளமையில் விருதுநகர் ரயில் நிலையத்தில் ஜட்கா ஓட்டியவர். எங்கள் கயிறுகளைப் பார்த்துச் சிரித்தார்.

“தம்பி, அதைக் கீழே போட்டுட்டு வாங்க. அது கயித்தைத்தான் பாக்குது, உங்களைப் பாக்கல” என்றார்.

தகர வாளியில் ஊறவைத்த கொள்ளை எடுத்துக்கொண்டு, குதிரைகளுக்கு நேரே செல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்து நடந்தார். குதிரைக்கு ஏறக்குறையச் சுற்றிலும் கண் தெரியும். மூக்கின் முன்னும் வாலின் பின்னும் மட்டுமே தெரியாது. ஆதலால் தோளை நோக்கி வருபவனை அது அவ்வளவாக அஞ்சுவதில்லை. தாயின் தலை உயர்ந்தது, பெரியவர் நின்றார். அது தலையைத் தாழ்த்தி வாயை அசைபோட்டது. உடனே அவர் இரண்டடி பின்வாங்கினார்! கிட்ட வரும் வேளையில் விலகிப் போகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. விலகுவதே அவர் கொடுத்த கூலி என்பது பிறகுதான் விளங்கிற்று. அமைதியாக நின்றால் இந்த மனிதன் விலகுவான் என்று கண்ட குதிரைக்கு ஓட வேண்டிய தேவையே எழவில்லை.

நான்காம் நாள் தாய் வாளியில் வாய் வைத்தது. பெரியவர் முகத்தைத் தொடவில்லை. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் இடத்தைச் சொறிந்தார். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் வருடிக்கொள்ளும் இடம் அதுவே. அவ்விடத்தைச் சொறிந்தால் குதிரையின் இதயத் துடிப்புத் தணிவதை ஆராய்ச்சியாளர் அளந்து கண்டிருக்கிறார்கள். ஆறாம் நாள் குட்டியும் தாயின் மறைவில் நின்றபடி அந்த விரல்களை ஏற்றுக்கொண்டது.

குதிரை பழக்கும் அறிவு நம் நாட்டில் அருமையாக இருந்த காலமும் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டியர்கள் ஆண்டுதோறும் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியதையும், பேணத் தெரிந்தவர் இல்லாமையால் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காயல் துறைமுகம் இங்கிருந்து நெடுந்தூரமன்று. கருவூலம் நிறைந்த அரசனிடம் இல்லாத ஒன்று நம் ஜட்காக்காரரின் கையில் இருந்தது.

இனி லாரி. கண்மாய்க் கரையில் மண்மேடு ஒன்று இருந்தது. லாரியின் பின்புறத்தை அதனோடு இடைவெளியின்றிப் பொருத்தி நிறுத்தினோம். தளம் குளம்புபட்டு ஒலிக்காதிருக்க மண்ணும் வைக்கோலும் பரப்பினோம். மேற்கூரைத் தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னார் பெரியவர். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு மாறக் குதிரையின் கண் நம் கண்ணைவிட நேரம் எடுத்துக்கொள்ளும். இருண்ட லாரி அதற்கு வாய் திறந்த குகையாகவே தோன்றும். மாசிடோனிய இளவரசன் அலெக்சாந்தர், தன் நிழலைக் கண்டே மிரண்ட புசிபாலஸ் என்ற குதிரையைச் சூரியனை நோக்கித் திருப்பி அடக்கிய கதையைப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். இளவரசன் ஆனதால் பெயர் நின்றது. நம்மவர் பெயரை யார் எழுதப் போகிறார்கள்?

மூங்கில் நட்டுச் சாக்குக் கட்டி ஒரு சந்து அமைத்தோம். மூன்று நாள் தீனி முழுவதும் லாரிக்குள்ளேயே. முதல் நாள் தாய் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. இளைஞர் ஒருவர் தலைக்கயிற்றைப் பற்றி இழுக்கப் போனார். பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இழுத்தால் குதிரை எதிர்த்து இழுக்கும், எழும்பித் தலையை இடித்துக்கொள்ளும், அடுத்த முறை அந்தப் பக்கமே வராது. இரண்டாம் நாள் நான்கு காலும் உள்ளே வந்தன. மூன்றாம் நாள் தாயின் பின்னே குட்டி தானாகவே ஏறியது. எவரும் கைதட்டக் கூடாதென்று முன்பே சொல்லியிருந்தார்.

1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளைப் படித்துப் பார்த்தேன். லாரியில் குதிரையின் தலை எதிர்வரும் வண்டிகளைக் காணாதபடி இடப்பக்கம் இருக்க வேண்டும். இடையிடையே 8 சென்டிமீட்டர் பருமனுள்ள மூங்கில் வேண்டும். மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. அவ்வாறே செய்தோம். குட்டி கட்டுண்டு அறியாததால் அதைக் கட்டவில்லை; தாயைப் பார்த்து அதுவும் இடப்பக்கமே திரும்பிக்கொண்டது.

தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. ஓசை தொடங்குமுன் விடியற்காலையில் திருத்தங்கலையும் சிவகாசியையும் கடந்தோம். தோப்பில் பின்கதவைத் திறந்ததும் தாய் இறங்கிப் புல்லை நோக்கிப் போய்விட்டது. குட்டி இறங்கவில்லை. ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார். பெரியவர் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். நாங்கள் இரண்டாம் முறை தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில், மண்ணில் குளம்பொலி கேட்டது.