மரமுளையில் தொங்கிய நாற்காலி



நான்கு கால்களை உடையது நாற்காலி. மூன்று கால்களை உடையது முக்காலி. கட்டிலுக்கும் நான்கு கால்கள் உண்டு, ஆட்டுக்கும் மாட்டுக்கும் உண்டு. எனினும் காரணம் கூறிப் பிறந்த அப்பெயர், இருக்கை ஒன்றனுக்கே உரிமையாகிவிட்டது. பெயரை ஆராய்ந்த அளவிற்குப் பொருளை ஆராயும் வழக்கம் தமிழ்ப் புலமை உலகில் குறைவு. உட்காருவோர் எழுந்து சென்றபின் நாற்காலி எங்கே இருக்க வேண்டும் என்பது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஒரு சமயக் குழுவினர் அதனைப் பெரிய வினாவாகவே கொண்டனர்.

ஷேக்கர் எனப்படும் அக்குழுவினரை வழிநடத்தியவர் ஆன் லீ என்னும் பெண்மணி. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பிறந்த அவர், 1774இல் ஒரு சிறு கூட்டத்துடன் அமெரிக்கா சென்றார். துறவொழுக்கம், பொதுவுடைமை, வழிபாட்டிலும் தலைமையிலும் ஆணுக்குப் பெண் நிகர் என்னும் கொள்கை ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் ஊர்கள் அமைத்து வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சில ஆயிரம் பேராக இருந்த அவர்கள், இன்று மெய்ன் மாநிலத்துச் சப்பாத்டே லேக் என்னும் ஊரில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினரே. கூட்டம் தேய்ந்தது, அவர்கள் செய்த நாற்காலியோ அருங்காட்சியகம் புகுந்தது.

அந்த நாற்காலியின் முதுகு ஏணிப்படிகள்போல் குறுக்குச் சட்டங்களால் ஆனது. இருக்கை துணிநாடாவால் பின்னப்பட்டது. ஒரு கையால் தூக்கும் அளவிற்கு எடை குறைவு. ஷேக்கர் வீட்டுச் சுவர்களில் ஆள் உயரத்திற்கு மேலே ஒரு மரச்சட்டம் அறையைச் சுற்றி ஓடும். அதில் வரிசையாக மரமுளைகள் பொருத்தப்பட்டிருக்கும். தொப்பி, மேலாடை முதலியவற்றோடு நாற்காலிகளும் அம்முளைகளில் தொங்கும். இருக்கையில் தூசு படியாதிருக்கத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் உண்டு. இத்தனையும் தரையைத் தடையின்றிப் பெருக்குவதற்காகவே. தட்டையான விளக்குமாற்றை உருவாக்கிய பெருமையும் அவர்களுக்கே கூறப்படுகிறது. இழுப்பறைகளையும் அலமாரிகளையும் சுவரோடு சுவராகப் பதித்தனர். மேலும் தூசு சேராது, அடியும் சேராது. பின்னால் சாய்ந்து உட்காரும்போது நாற்காலியின் கால் தரையைக் கீறுமென்று, பின்னங்கால்களின் அடியில் அசையும் மரக்குமிழ் பொருத்தினார்கள். தேவையற்ற சித்திர வேலைப்பாட்டை 1845ஆம் ஆண்டு விதிகள் விலக்கின. அழகு வேண்டாம் என்றவர்கள் செய்த பொருளில் அழகு வந்து அமர்ந்துகொண்டது வியப்பே.

கடல் கடந்து காணப்படும் இச்சிந்தனை, ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் வீட்டிற்குப் புதிதன்று. கூரையிலிருந்து தொங்கும் உறி தயிரையும் வெண்ணெயையும் பூனையிடமிருந்து காத்தது. கூடவே தரையையும் காலியாக வைத்தது. ஆண்டுக்கு ஒருமுறை வேண்டும் அண்டாவும் தாம்பாளமும் பரணுக்கு ஏறின. விளக்கிற்குச் சுவரிலேயே மாடம், துணிக்குக் கொடி, சுளகிற்குச் சுவர் ஆணி. இரவில் படுக்கையறையாக இருந்த கூடம், பாய் சுருட்டப்பட்டதும் உண்ணும் அறையாயிற்று. கயிற்றுக் கட்டிலோ பகலில் வேப்பமரத்தின்மேல் சாய்ந்து நின்றது. ஓர் அறைக்குள் ஐந்து அறைகளை அடக்கிய அந்தத் திறம், படிப்பறியாத பெண்டிரின் அன்றாட அறிவிலிருந்து பிறந்தது. அதனை எழுதிவைத்தவர் இலர். மரமுளைக்கு நூல் பல உண்டு, உறிக்கு இல்லை.

சங்கப் புலவர்கள் இதில் பின்தங்கவில்லை. நெடுநல்வாடை அரசியின் கட்டிலை விரித்துரைக்கிறது; நாற்பது வயது நிரம்பிப் போரில் வீழ்ந்த யானையின் கொம்பு அக்கட்டிலுக்கு உதவியது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் எயிற்றிக்கோ ஈந்தின் இலை வேய்ந்த குடிலும், மகவோடு முடங்குவதற்கு மான்தோலுமே உடைமை. இரண்டையும் ஒரே மதிப்போடு பாடினர் புலவர். உரையாசிரியர்கள் கட்டிலுக்குச் செலவிட்ட சொற்களில் பாதியையேனும் மான்தோலுக்குச் செலவிட்டிருக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஷேக்கர்களின் எளிமை அவர்களே தேர்ந்துகொண்டது. தமிழ்ச் சிற்றூரின் வெறுந்தரையோ எல்லாருக்கும் அப்படி வாய்த்ததன்று. வறுமையால் வெறுமையான வீடு ஒன்று. உட்காரும் உரிமை மறுக்கப்பட்டதால் நாற்காலி காணாத வாழ்வு மற்றொன்று. திண்ணையில் யார் அமரலாம், யார் முற்றத்தில் நிற்க வேண்டும் என்பதைச் சாதி வகுத்தது. பழங்கதை என்று இதனைத் தள்ளுவதற்கில்லை. 2020ஆம் ஆண்டில் கடலூர் மாவட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவி ஒருவர், பட்டியல் சாதியினர் என்பதற்காகக் கூட்டத்தில் தரையில் அமரவைக்கப்பட்டார். மற்றவர்களுக்கு நாற்காலி இருந்தது. அத்தலைவியின் முன்னே நின்று தரையில் அமர்வதன் எளிமையைப் புகழ்வது கொடுமை. நாற்காலியை மரமுளையில் மாட்டும் உரிமை, அதில் ஒருமுறையேனும் அமர்ந்தவர்க்கே உண்டு.

தேர்ந்துகொண்ட எளிமைக்குத் திண்டுக்கல் சமவெளியிலும் சான்று உண்டு. பெருந்தொழிலதிபர் டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகளான மருத்துவர் சௌந்தரம், தம் கணவர் ஜி. இராமச்சந்திரனுடன் 1947இல் சின்னாளப்பட்டியை அடுத்துக் காந்திகிராமத்தை நிறுவினார். செல்வம் அறிந்த பெண்மணி கதரையும் சிற்றூரையும் விரும்பி ஏற்றதனால் அவ்வெளிமைக்கு ஒரு தகுதி வந்தது.

இன்னொரு சான்று புதுச்சேரியில் உள்ளது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா என்னும் தங்குவிடுதி, 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கப் பெற்றது. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி வழியாக வந்த நன்கொடையே அப்பெயருக்குக் காரணம். வரைந்தவர் அந்தோனின் ரேமண்டு. உடனிருந்து கட்டியவர் ஜார்ஜ் நகாஷிமா என்னும் ஜப்பானிய வழியினரான அமெரிக்கர். காற்றை விட்டு வெயிலைத் தடுக்கும் கிடைத்தகடுகள், நகரும் தேக்குக் கதவுகள், மிகச் சில அறைக்கலன்கள் என அமைந்தது அக்கட்டடம். அன்பர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கியே கதவுகளுக்கு வேண்டிய கொக்கி, கைப்பிடி முதலியவற்றை வார்த்தனர். ஒரு வீட்டுக் குடம் இன்னொரு வீட்டின் தாழ்ப்பாள் ஆயிற்று! அறைக்கலன் செய்வதில் நகாஷிமாவின் தொடக்கமும் அங்கேதான். 1942இல் அமெரிக்க அரசு அவரைக் குடும்பத்தோடு முகாமில் அடைத்தது; அங்கே ஒரு ஜப்பானியத் தச்சரிடம் மரவேலையின் நுட்பம் கற்றார். 1990இல் மறைந்த அவர், தம்மை இந்து, கத்தோலிக்கர், ஷேக்கர், ஜப்பானிய அமெரிக்கர் என்றெல்லாம் சேர்த்துக் கூறிக்கொண்டதுண்டு. ஷேக்கர் நெறியும் புதுச்சேரித் தேக்கும் சந்தித்த இடம் அந்த ஒரு மனிதரே.

திண்டுக்கல்லின் பெயரை உலகறியச் செய்த பொருள் பூட்டு. மாங்காய்ப் பூட்டு முதலாகப் பல வகைகளைக் கையாலேயே செய்த கைவினைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொதுவுடைமையாக வாழ்ந்த ஷேக்கர்களுக்குத் தனிப்பூட்டின் தேவை மிகக் குறைவு. ஆகவே இவ்வூரார் அவர்களிடம் பெரிய வணிகம் செய்திருக்க முடியாது. அதே இரும்பறிவுதான் பீரோவையும் பெட்டகத்தையும் செய்தது. பீரோவைப் பழிப்பதற்கில்லை. தன் பெயரில் ஒரு சாவி, தன் பணத்திற்கு ஓர் அறை என்பது, கூட்டுக்குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த முதல் தனியிடமாகவும் இருந்தது.

இன்றைய சிறுவீட்டில் சிக்கல் வேறு. பத்தடிக்குப் பத்தடிக் கூடத்தில் சீர்வரிசையாக வந்த கட்டில், பீரோ, சோபா, கண்ணாடிப் பெட்டி, தவணையில் வாங்கிய பெரிய தொலைக்காட்சி எல்லாம் நிற்கின்றன. நடப்பதற்கு ஓர் ஒற்றையடிப் பாதை எஞ்சுகிறது. சீர்ப்பொருளை எவரும் பரணில் ஏற்ற ஒப்புவதில்லை, மதிப்புக் குறைந்துவிடுமாம்! பரணும் இப்போது கட்டப்படுவதில்லை. பீரோவுக்கும் தரைக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி. அதனுள் விளக்குமாறு நுழையாது. அந்த வீட்டுப் பெண் நாள்தோறும் மண்டியிட்டு, தென்னங்குச்சி ஒன்றில் துணியைச் சுற்றி, அதன் அடியில் விட்டுத் துழாவுகிறாள்.