மானிப்பாய் மருத்துவர்

(ஓசூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

தமிழிலே மருத்துவம் கற்பிக்க முடியுமா என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் பட்டம் பெற்றவர்கள். நானோ கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு நாடகம் எழுத வந்தவன். ஆகவே பதிலை நான் சொல்லப் போவதில்லை. 1847-ஆம் ஆண்டு, இருபத்தைந்தாம் வயதிலே, கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்த ஓர் அமெரிக்கர் சொல்லட்டும்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரிலே 1822-இல் பிறந்தவர். நியூயார்க்கிலே மருத்துவம் கற்றவர். அண்ணன் ஆண்ட்ரூ, நியூயார்க்கை மாநகராக இணைக்கப் பாடுபட்ட பெரும்புள்ளி. அண்ணன் அங்கே பூங்கா அமைத்தார். தம்பி இங்கே மானிப்பாயிலே புண்ணுக்குக் கட்டுப் போட்டார்!

மதம் பரப்பும் சங்கம் அனுப்பிய மருத்துவர்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. 1848-இல் மாணவர்களைச் சேர்த்தார். முதலிலே ஆங்கிலத்திலேதான் கற்பித்தார். என்ன ஆயிற்று? ஆங்கிலம் கற்றவர்கள் சம்பளம் தேடி உத்தியோகத்துக்குப் போனார்கள். ஊரிலே நோயும் இருந்தது, நோயாளியும் இருந்தார், வைத்தியர்தான் இல்லை! கிறீன் கண்டார். 1860-களிலே தமிழுக்கு மாறினார்.

நூல் வேண்டுமே! கட்டர் என்ற அமெரிக்க மருத்துவர், பள்ளிப் பிள்ளைகளும் புரிந்துகொள்ளும்படி உடலைப் பற்றியும் நலவாழ்வைப் பற்றியும் எழுதிய நூலைத் தமிழாக்கினார். 1867-இல் ‘இரண வைத்தியம்’ வந்தது. 1875-இல் ‘கெமிஸ்தம்’ வந்தது, வேதியியல்தான், தோழர்களே! மாணவர்களும் கூட அமர்ந்து மொழிபெயர்த்தார்கள். முதலிலே தமிழ்ச் சொல் தேடுவது, கிடைக்காவிட்டால் வடசொல், அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்திலே எழுதுவது என்பது அவர் முறை. உடற்கூற்றியலுக்கு ‘அங்காதிபாதம்’ என்றார். நலவாழ்வு இயலுக்கு ‘உற்பாலனம்’ என்றார். இன்று அச்சொற்கள் நம் நாவிலே இல்லை. இல்லாவிட்டால் என்ன? அச்சொற்களைப் படித்த கை, ஆறாத புண்ணை அறுத்து ஆற்றியதே! அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் மருத்துவம் கற்றனர். அவர்களில் முப்பதுக்கு மேற்பட்டோர் தமிழிலேயே கற்றவர்கள்.

1873-இல் தாயகம் திரும்பினார். திரும்பியவர் ஓய்ந்தாரா? ஊஸ்டரிலே இருந்துகொண்டே தமிழ் நூல்களைத் திருத்தினார், 1884-இல் கண்மூடும் வரையில்.

ஓசூரிலே இதை ஏன் சொல்கிறேன்? சிப்காட் தொழிற்சாலையிலே விரல் நசுங்கிய ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். தளியிலிருந்து வந்தவர் என்றால் வீட்டிலே கன்னடம் பேசுவார். வேப்பனப்பள்ளிக்காரர் என்றால் தெலுங்கு பேசுவார். தருமபுரிக்காரர் என்றால் தமிழ். மூவர் கையிலும் கொடுக்கப்படும் மருந்துச் சீட்டு ஆங்கிலம்! கிருஷ்ணகிரியிலே 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மகிழ்கிறோம். ஆனால் அங்கே கற்கும் பிள்ளை, நோயாளியின் வலியை எந்த மொழியிலே கேட்கப் போகிறது, எந்த மொழியிலே விளக்கப் போகிறது?

என் நாடகங்களிலும் வைத்தியர் வேடம் நான்கு வார்த்தை ஆங்கிலம் பேசினால்தான் கொட்டகையிலே கைதட்டல். சிரிக்காதீர்கள், தட்டுவது நீங்கள்தாம்!

பாடநூல்கள் வரட்டும், அதற்கு அரசிடம் வாதாடுவோம். அதுவரையில் ஒரு வேலை இருக்கிறது. நம் படிப்பகங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையிலே செய்தித்தாளுக்கு மட்டும் திறக்க வேண்டாம். மருந்துச் சீட்டோடு வருகிறவரை உட்கார வையுங்கள். மருந்துக் கடையிலே வேலை பார்க்கும் தோழர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். காலையா மாலையா, உணவுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள் என்று உறையின்மேல் எழுதிக் கொடுங்கள். தமிழருக்குத் தமிழிலே, தெலுங்கருக்குத் தெலுங்கிலே, கன்னடருக்குக் கன்னடத்திலே. எழுதத் தெரிந்தவர்கள் மூன்று மொழிக்கும் இந்த ஊரிலே இருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு தொடங்குங்கள்.