பைன் தோப்பின் சாலை நிலையம்



ஜப்பான் நாட்டின் வடகிழக்குக் கரையில் செண்டாய் என்றொரு நகரம் உண்டு. என் மகன் அங்கே பணிபுரிகிறான். சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதக் குளிரில், அவனுடனும் பத்து வயதுப் பேத்தியுடனும் அந்நகரிலிருந்து வடக்கே செல்லும் கடற்கரைச் சாலையில் பயணம் செய்தேன். ஒருபுறம் மலை, மறுபுறம் கடல். மலை சில இடங்களில் நீருக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. விரைவுச் சாலையை விட்டு 45ஆம் எண் நெடுஞ்சாலைக்கு வந்த சிறிது நேரத்தில், ஓரத்தில் நின்ற பலகை ஒன்றைப் பேத்தி வாசித்தாள். "முன்னர் சுனாமி நீர் சூழ்ந்த பகுதி. இங்கிருந்து." அவ்வளவே அதில் எழுதியிருந்தது. அந்தப் பகுதிக்குள் நாங்கள் இறங்கினோம்.

ரிக்குசென்தகதா என்பது அவ்வூரின் பெயர். இவாதே மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே நாங்கள் உணவுக்காக இறங்கிய இடத்தைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

ஜப்பானியர் அதனை 'மிச்சி-நோ-எக்கி' என்பர்; 'சாலை நிலையம்' என்று பொருள். இருப்புப்பாதைக்கு நிலையம் இருக்கும்போது சாலைக்கும் ஒன்று இருக்கலாகாதோ என்று 1990ஆம் ஆண்டில் ஹிரோஷிமாவில் நடந்த கூட்டமொன்றில் ஒருவர் கேட்டாராம். வேடிக்கையான கேள்விதான். ஆயினும் அரசினர் அதனைச் சிரித்துத் தள்ளிவிடவில்லை. யமகுச்சி, கிபு, தொச்சிகி ஆகிய மாநிலங்களில் சோதனையாக நடத்திப் பார்த்து, 1993இல் 103 இடங்களை முறைப்படி பதிவு செய்தனர். இன்று அந்நாட்டில் 1,200க்கும் மேற்பட்ட சாலை நிலையங்கள் இருக்கின்றன. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி வண்டி நிறுத்த இடமும் தூய்மையான கழிப்பறையும் இருத்தல் வேண்டும். வழியும் ஊர்ச் செய்தியும் கூறுவாரும் வேண்டும். இவை விதி. இவற்றுடன் அவ்வூர் விளைபொருளை விற்கும் அங்காடியும் உண்டிச்சாலையும் சேர்ந்துகொள்கின்றன. நெடுந்தொலைவு பயணம் செய்து பழகிய நம்மவர் எவரும், முதலில் சொன்ன அந்தக் கழிப்பறையின் பெருமையை நன்கு உணர்வர்.

நாங்கள் சென்ற நிலையத்துக்குத் 'தகதா மத்சுபாரா' என்று பெயர். 'தகதாவின் பைன் தோப்பு' என்பது அதன் கருத்து. உள்ளே நுழைந்ததும் என் கண்ணைக் கவர்ந்தவை ஆப்பிள்களே. அவ்வூரின் யோனெசாகி என்ற பகுதியில் கடற்காற்றுப் படும் சரிவுகளில் அவை விளைகின்றன. ஒவ்வொரு பையிலும் ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருந்தது. "அதில் என்ன எழுதியிருக்கிறது, அம்மா?" என்று பேத்தியைக் கேட்டேன். விளைவித்தவரின் பெயரும் விலையும் என்றாள். இத்தகைய அங்காடிகளில் விவசாயி தன் சரக்குக்குத் தானே விலை குறித்து வைத்துவிட்டுப் போவான். விற்றதில் ஒரு சிறு பங்கை நிலையம் எடுத்துக்கொள்ளும். விற்காததை அவனே வந்து எடுத்துச் செல்வான். இடையில் தரகர் இல்லை. அழுகிய பழத்தை அடியில் மறைத்து வைக்கவும் வழியில்லை; மேலே பெயர் இருக்கிறதே! நம் ஊர்ச் சந்தையில் இப்படி ஒரு தாளை ஒட்டச் சொன்னால் யார் யார் ஒட்டுவர் என்று என் மனம் ஒருகணம் கணக்குப் போட்டது.

ஆப்பிளை அடுத்து அரிசி. 'தகதா நோ யூமே', அதாவது 'தகதாவின் கனவு' என்ற பெயருடைய நெல்வகை. அதற்கப்பால் வகாமே என்னும் கடற்பாசி, உப்பிட்டதும் உலர்த்தியதுமாக. ஹிரோதா விரிகுடாவில் கயிறுகளில் தொங்கவிட்டு வளர்க்கும் பெரிய கடற்சிப்பிகள் வேறு. உண்டிச்சாலையில் மகன் சிப்பி வறுவல் வாங்கினான். எனக்கு ஒரு கிண்ணம் சோறும், கடற்பாசி மிதக்கும் மிசோச் சாறும் வந்தன. கடற்கரையில் பிறந்தவனாதலால் கடலின் மணம் எனக்குப் புதிதன்று. குச்சிகளால் உண்ணும் கலைதான் இவ்வயதில் கைவரவில்லை. பேத்தி சிரித்துவிட்டுக் கரண்டி கேட்டு வாங்கித் தந்தாள்.

உண்டு முடித்து வெளியே வந்தபோதுதான் அக்கட்டடத்தின் முழு வடிவத்தையும் கண்டேன். ஹிரோஷி நைத்தோ என்ற கட்டடக் கலைஞர் வகுத்தது. நீண்டு தாழ்ந்த ஒரே கட்டடம். நடுவில் திறந்த வாயில். வாயிலின் ஒருபுறம் நாங்கள் உண்ட அங்காடி. மறுபுறம் இவாதே சுனாமி நினைவு அருங்காட்சியகம். இரண்டும் 2019 செப்டம்பரில் ஒரே நாளில் திறக்கப்பட்டவை.

2011 மார்ச் 11ஆம் நாள் பிற்பகல் 2.46 மணிக்கு நிலம் நடுங்கியது. அதன்பின் வந்த ஆழிப்பேரலையில் இச்சிற்றூர் 1,700க்கும் மேற்பட்ட மக்களை இழந்தது. கரையில் ஏறத்தாழ 70,000 பைன் மரங்கள் கொண்ட தோப்பு இருந்தது. உப்புக் காற்றிலிருந்து வயல்களைக் காக்க 17ஆம் நூற்றாண்டிலிருந்து முன்னோர் நட்டு வளர்த்தது. எஞ்சியது ஒரே ஒரு மரம். அதுவும் வேரில் உப்பு நீர் ஏறி 2012இல் பட்டுப்போயிற்று. மக்கள் அதனைப் பதப்படுத்தி நின்ற இடத்திலேயே நிறுத்தி வைத்திருக்கின்றனர். ரயில் பாதையும் போயிற்று. மீண்டும் தண்டவாளம் இடவில்லை. 2013 முதல் அவ்வழியில் பேருந்துகளே ஓடுகின்றன.

பழைய சாலை நிலையத்தையும் அலை விடவில்லை. படிப்படியாக உயர்ந்த முக்கோணக் கட்டடம் அது. இடிக்காமல் அப்படியே விட்டிருக்கின்றனர். நீர் எட்டிய உயரம் 14.5 மீட்டர் என்று உச்சியில் குறித்திருக்கின்றனர். நான் கழுத்தை முற்றும் நிமிர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது. அன்று அங்கிருந்த கடலரண் 5.5 மீட்டர் உயரமே. இப்போது கட்டியிருப்பது 12.5 மீட்டர்.

அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. உள்ளே, கசக்கி எறிந்த காகிதம்போல் நசுங்கிய தீயணைப்பு வண்டி ஒன்றும், முறுக்கப்பட்ட பாலத்து உத்தரம் ஒன்றும் இருக்கின்றன. அவற்றைக் காட்டிலும் என்னை நிறுத்திவைத்தது ஒரு சொல். அக்கரையோரத்தார் 'சுனாமி தெந்தென்கோ' என்பர். பேரலை வருமாயின் அவரவர் தனித்தனியே மேட்டுக்கு ஓடுக என்பது பொருள். கேட்டவுடன் இரக்கமற்ற சொல்லாகத் தோன்றிற்று. தாயைத் தேடாதே என்றா பிள்ளைக்குக் கற்பிப்பது? பின்னர் விளங்கியது. பிள்ளை ஓடியிருப்பான் என்று தாய் நம்பினால்தான் அவள் வீட்டுக்குத் திரும்பி வந்து மடியமாட்டாள். அந்நம்பிக்கையை முன்கூட்டியே வீட்டில் பேசி வைத்துக்கொள்கின்றனர். வடக்கே காமைஷி நகரின் உனோசுமாயில் நடுநிலைப்பள்ளி மாணவர் அன்று எவர் கட்டளைக்கும் காத்திராமல் ஓடினர். அருகிலிருந்த தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் அதைக் கண்டு உடன் ஓடினர். பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு மேடேறிப் பிழைத்தனர்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அப்போது நான் நாகை மாவட்டத்துக் கடற்கரை ஊரொன்றில் ஆசிரியனாக இருந்தேன். அரையாண்டு விடுமுறை. பள்ளி மீண்டும் திறந்த நாளில் வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர்களை வாசித்தேன். சில பெயர்களுக்கு விடை வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும்; ஆயினும் வாசிக்காமல் தாண்டிச் செல்ல மனம் ஒப்பவில்லை. அப்பிள்ளைகளுக்குக் கடல் நீரோட்டங்களின் பெயர்களை நான் மனப்பாடம் செய்வித்திருந்தேன். நிலம் நடுங்கினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ மேட்டை நோக்கி ஓடுங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பாடநூலில் அது இல்லை, எனக்கும் தெரியாது. இரண்டும் உண்மையே. ஆயினும் அந்தக் கண்ணாடிப் பேழையின் முன் அவற்றை நான் எவரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

நெடுநேரம் நின்றுவிட்டேன் போலும். "தாத்தா, கடை மூடிவிடுவார்கள்" என்று பேத்தி கையைப் பிடித்து இழுத்தாள்.

மீண்டும் அங்காடிக்குப் போனோம். அங்கே மகன் ஒரு சிறு புட்டியைக் காட்டினான். சோயா சாஸ். 1807 முதல் அவ்வூரில் சோயா சாஸ் வடித்துவந்த ஒரு நிறுவனத்தின் ஆலையையும், தலைமுறை தலைமுறையாக நுரைத்துவந்த மரத்தொட்டிகளையும் அலை கொண்டுபோயிற்று. உறைமோர் போன உறிபோல் ஆயிற்று அத்தொழில். அதற்குச் சில காலம் முன், ஆராய்ச்சிக்கென அந்த ஊறலில் ஒரு சிறு பகுதியைக் காமைஷியில் இருந்த ஓர் ஆய்வு நிலையத்துக்குக் கொடுத்திருந்தனராம். அந்நிலையத்திலும் நீர் புகுந்தது. ஆனால் நாலு கிலோ அளவான அந்த ஊறல் மட்டும் பிழைத்திருந்தது. அதையே உறையாக இட்டு மீண்டும் பெருக்கி, 2014இல் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதனையே நான் கையில் வைத்திருந்தேன். விலை சற்று மிகுதிதான். மகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கல்லாவில் பணம் செலுத்தினான்.

தட்டிலிருந்த ஆப்பிள்களில் இரண்டு பைகளே மிஞ்சியிருந்தன. ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். வெளியே இருட்டிவிட்டது. புதிதாக நட்ட 40,000 பைன் கன்றுகள் கடலரணை ஒட்டி நிற்பதைப் பகலிலேயே பார்த்திருந்தோம். எட்ட இருந்து பார்த்தபோது நாற்றங்கால்போல் இருந்தன.

வண்டி மேடேறும் இடத்தில் விளக்கொளியில் மற்றொரு பலகை தெரிந்தது. "இதுவரை" என்று பேத்தி வாசித்தாள். பின்பு, "தாத்தா, இங்கே வரைக்கும் ஓடி வந்தால் போதுமா?" என்று கேட்டாள்.

"போதாது அம்மா, இன்னும் மேலே" என்றேன். பையைப் பிரித்து ஓர் ஆப்பிளை எடுத்தோம். கத்தி இல்லாததால் மூவரும் மாற்றி மாற்றிக் கடித்துத் தின்றோம்.