பெண்களும் பனிக்கல் ஆட்டமும்



"பெண்களும் விளையாட்டும்" என்று பொதுப்படப் பேசும்படி இங்கு என்னைக் கேட்டுக் கொண்டார்கள். பொதுப்படப் பேசினால் யாரையும் பிடித்து நிறுத்த முடியாது. "ஆமாம், பெண்களும் ஆடத்தான் வேண்டும்" என்று எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆகையால் ஒரு தேசத்தையும் ஒரு ஆட்டத்தையும் மாத்திரம் எடுத்துக்கொண்டு, அதிலே பெண்களுக்கு என்ன நடந்தது என்பதை வருஷ வாரியாகச் சொல்லலாமென்று நினைக்கிறேன். தேசம் கானடா. ஆட்டம் கர்லிங் என்பது. இதில் அந்நாட்டுப் பெண்கள் வருஷந்தோறும் நடத்தும் தேசியப் போட்டியைப் பற்றியே பேசப் போகிறேன்.

முதலில் ஆட்டம் இன்னதென்று தெரிய வேண்டும். சுமார் 150 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள ஒரு பனிக்கட்டித் தரை. அதன் கோடியில் 12 அடி குறுக்களவுள்ள ஒரு வட்டம். அதற்குள் சிறிய வட்டங்கள். நடுவில் ஒரு புள்ளி. கைப்பிடி வைத்த உருண்டையான கருங்கல்லை இந்தக் கோடியிலிருந்து பனியின் மேல் வழுக்கிவிட்டு அந்தப் புள்ளிக்குக் கிட்டே நிறுத்த வேண்டும். எதிரியின் கல்லை மோதித் தள்ளலாம். நம் கல்லுக்கு முன்னால் இன்னொரு கல்லைக் காவலாகவும் வைக்கலாம். கட்சிக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கல். இரு கட்சியின் 16 கல்லும் போட்டு முடிந்தால் ஒரு சுற்று. பெரிய போட்டிகளில் 10 சுற்று உண்டு. ஆட்டம் பிறந்தது ஸ்காட்லாந்தில். நல்ல கல் வருவதும் அந்தத் தேசத்துக் கடலில் ஆள் குடியில்லாத எய்ல்சா கிரெய்க் என்ற தீவிலிருந்துதான்.

கல்லைச் சிறிது சுழற்றி விடுவார்கள். அது போகப் போக ஒரு பக்கமாக வளையும். உங்கள் வீட்டு மேசையின் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்துச் சுழற்றித் தள்ளிப் பாருங்கள். அது ஒரு பக்கம் வளைந்தால், அதே மாதிரி சுழற்றிவிட்ட பனிக்கல் அதற்கு நேர் எதிர்ப் பக்கம் வளைகிறது! ஏன் இப்படி என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக் கொண்டிருக்கிறார்கள். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லி மேலும் ஆராய்கிறார்களே தவிர, கல்லுக்குள் ஏதோ சக்தி புகுந்து விட்டதென்று சொல்லி அதற்குச் சந்தனம் பூசவில்லை. நிற்க.

கல் போகும்போது அதன் முன்னால் இரண்டு பேர் ஓடிக்கொண்டே துடைப்பத்தால் பனியைத் தேய்ப்பார்கள். தேய்த்தால் பனி சற்று சூடேறி, கல் அதிக தூரம் போகும், வளைவும் குறையும். ஆகவே துடைப்பம் பிடிக்கிறவருக்கு நல்ல மூச்சும் வேண்டும், நல்ல கணக்கும் வேண்டும். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. உலகம் முழுவதும் பெண்ணின் கையிலே துடைப்பத்தைக் கொடுத்து, "இது உன் வேலை" என்று சொன்ன ஆண்பிள்ளை, அதே துடைப்பத்தைத் தான் கையிலெடுத்த இடத்திற்கு விளையாட்டு மண்டபம் என்று பெயர் வைத்து, அவளை வெளியே நிற்க வைத்தான் பாருங்கள்!

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் ஆட்டத்தில் பின்தங்கியதற்கு எங்கும் சொல்லப்படுகிற ஒரே சமாதானம் அவர்களுக்குத் தேக பலம் போதாது என்பதாகும். இரும்புக் குண்டு எறியும் போட்டியில் ஆணுக்கு 7.26 கிலோ, பெண்ணுக்கு 4 கிலோ. சரி, அதில் அந்தச் சமாதானத்தை ஒரு பேச்சுக்கு ஒப்புக் கொள்ளலாம். கர்லிங்கில் என்ன? கல் அதிகம் போனால் 44 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 20 கிலோ. ஆணுக்கும் அதே கல், பெண்ணுக்கும் அதே கல். அதே 150 அடி, அதே வட்டம், அதே 10 சுற்று. கல்லைத் தூக்கி எறிவதில்லை; வழுக்கி விடுவதுதான். வேண்டியது கண், கை, நிதானம், புத்தி. ஆகவே இந்த ஆட்டத்தில் பெண்கள் பின்னால் வந்திருந்தால் அதற்குக் காரணம் பலக் குறைவு என்று எவராலும் சொல்ல முடியாது.

கணக்கைப் பாருங்கள். கானடாவின் மாண்ட்ரீல் நகரத்தில் ஆண்கள் தங்களுக்குக் கர்லிங் சங்கம் வைத்தது 1807-ல். அதே நகரத்தில் பெண்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைக்க முடிந்தது 1894-ல். நடுவில் 87 வருஷம். ஆண்களின் தேசியப் போட்டியாகிய பிரையர் 1927-ல் ஏற்பட்டது. பெண்களின் தேசியப் போட்டி 1961-ல்தான். அதிலும் 34 வருஷம் பின்னால். இந்த 34 வருஷமும் கல் கனம் குறையவில்லை. பெண்களின் எலும்பும் கனம் கூடவில்லை. 1960-ல் பெண்கள் நாடு தழுவிய தங்கள் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். ஒரு கம்பெனி பணம் கொடுக்க முன்வந்தது. மறு வருஷமே ஆட்டாவா நகரத்தில் பத்து மாகாணங்களின் பெண்களும் கூடி ஆடிவிட்டார்கள். ஸஸ்காச்சுவன் மாகாணத்து ஜாய்ஸ் மக்கீ என்பவர் தலைமையில் ஆடிய நால்வர் ஜெயித்தார்கள். தடை தேகத்தில் இருந்திருந்தால் ஒரே வருஷத்தில் தீர்ந்திருக்குமா?

பணம் கொடுத்தவர்களின் சரித்திரமும் வேடிக்கையானதுதான். ஆண்கள் போட்டிக்குப் பணம் கொடுத்தது ஒரு புகையிலைக் கம்பெனி. பிரையர் என்பதே அவர்கள் சரக்கின் பெயர். பெண்கள் போட்டிக்கு முதலில் வந்தது ஒரு மளிகைக்கடைக் கம்பெனி. அது 1967-ஓடு போய்விட்டது. நாலு வருஷம் யாரும் வரவில்லை. 1972-ல் அந்தப் புகையிலைக் கம்பெனியே பெண்கள் போட்டிக்கும் வந்து, தன் சிகரெட்டுப் பெட்டியில் அச்சிட்டிருந்த ஸ்காட்லாந்துப் பெண்ணின் பெயரால் அதற்கு லாஸி என்று பேர் வைத்தது. 1979-ல் அக்கம்பெனி இரண்டு போட்டிகளையும் விட்டு விலகியது. ஆண்களுக்கு மறு வருஷமே ஒரு பீர் கம்பெனி வந்து சேர்ந்தது. பெண்களோ 1980, 1981 இரண்டு வருஷமும் ஆதரவில்லாமலேதான் ஆடினார்கள். ஆனால் ஆட்டத்தை நிறுத்தவில்லை! அதுதான் நாம் கவனிக்க வேண்டியது. பிறகு 1982-ல் முகம் துடைக்கும் காகிதம் செய்கிற ஸ்காட் கம்பெனி வந்தது. இன்றைக்கும் அந்தக் காகிதத்தின் பெயராலேயே ஸ்காட்டீஸ் போட்டி என்று வழங்குகிறது. மளிகைக்காரனும் காகிதக்காரனும் பெண்ணைத் தேடி வந்தது அவள் சமையலறையில் இருக்கிறாள், நம் சரக்கை வாங்குகிறவள் அவள்தான் என்பதற்காக என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும், சமையலறையைத் தேடி வந்த பணத்தைக் கொண்டே அவர்கள் சமையலறையை விட்டு வெளியே வந்தார்கள்.

அந்தப் போட்டிக்கு வரும் பெண்களுக்கு நான்கு இருதயங்கள் கோத்த தங்க நகை கொடுக்கிற வழக்கம் ஒன்று உண்டு. ஆண்கள் போட்டியில் சட்டையில் தைத்துக்கொள்ள ஊதா நிறத்தில் துணி இருதயம் கொடுக்கிறார்கள். ஆணுக்குத் துணி, பெண்ணுக்குத் தங்கம்! அடடா, பெண்ணுக்கல்லவா அதிக மரியாதை என்று நினைத்து விடாதீர்கள். 2019-ல் ஜெயித்த பெண்கள் கட்சிக்குக் கிடைத்த ரொக்கம் 32,000 டாலர். அதே வருஷம் ஜெயித்த ஆண்கள் கட்சிக்கு 70,000 டாலர். நகையைக் கழுத்திலே போட்டுக் கூலியைப் பாதியாக்கும் வித்தை எந்தத் தேசத்துக்கும் புதிதல்ல போலிருக்கிறது. கேட்பவர்கள் கேட்டுக் கொண்டே இருந்ததால், 2020-லிருந்து பரிசுத் தொகை இருபாலாருக்கும் சமமாக்கப்பட்டது.

ஆட்டத்தின் தரம் எப்படி என்று கேட்பீர்கள். 2005-ம் வருஷத்து முடிவு ஆட்டத்தைச் சொல்லுகிறேன். மானிடோபா மாகாணத்துக்கு ஜெனிபர் ஜோன்ஸ் தலைவி, தொழிலில் வக்கீல். எதிர்க்கட்சி ஒன்டாரியோ. பத்தாவது சுற்று, கையில் கடைசிக் கல் ஒன்றே. எண்ணிக்கையில் 4-க்கு 6 என்று பின்னால் இருக்கிறார். எதிரியின் கல்லோ நடுப்புள்ளியில் காவலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. நேர் வழி இல்லை. என்ன செய்தார்? வட்டத்துக்கு வெளியே ஓரத்தில் கிடந்த ஒரு கல்லின் மேல் தன் கல்லை மோதவிட்டார். மோதிய கல் கோணலாக உள்ளே திரும்பிப் போய், நடுவிலிருந்த எதிரியின் கல்லை அடித்துத் தள்ளி விட்டது. நாலு எண்ணிக்கை! 8-க்கு 6 என்று ஜெயம். கேரம் பலகையில் அரையணா எடைக் காயை இப்படிப் போடவே நமக்குக் கை நடுங்கும். அவர் போட்டது 20 கிலோ கல்லை. அன்று தொடங்கி 2018-க்குள் அவர் ஆறு தடவை தேசியப் பட்டம் பெற்றார். நோவா ஸ்கோஷியாவின் காலீன் ஜோன்ஸ் அதற்கு முன்னரே ஆறு தடவை பெற்றிருந்தார். அதில் 2001 முதல் 2004 வரை நாலு வருஷம் தொடர்ச்சியாக.

உலகப் போட்டியிலும் இப்படியே. ஒலிம்பிக்கில் 1924-ல் ஆண்கள் மாத்திரமே கர்லிங் ஆடினார்கள். முழு மதிப்போடு ஆணும் பெண்ணும் சேர்த்துக் கொள்ளப்பட்டது 1998-ல் ஜப்பானிய நகரமாகிய நகானோவில். கானடாவின் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். அந்நாட்டு ஆண்கள் இறுதி ஆட்டத்தில் தோற்று வெள்ளியோடு வந்தார்கள். பெண்களுக்குத் தலைவி சாண்ட்ரா ஷ்மர்லர். அவர் 1993, 1994, 1997 ஆகிய மூன்று வருஷத்தில் தேசியப் பட்டமும் உலகப் பட்டமும் சேர்த்துப் பெற்றவர். நகானோவுக்குப் போனபோது அவருக்குக் கைக்குழந்தை. அவர் 2000-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் புற்றுநோயால் 36-வது வயதில் இறந்தார். அவர் பெயரால் ஏற்பட்ட நிதி, ஆபத்தான நிலையில் பிறக்கும் சிசுக்களைக் காப்பாற்றும் ஆஸ்பத்திரிகளுக்குக் கருவிகள் வாங்க உதவுகிறது. ஒருவர் இறந்தபின் அவர் பெயரால் பிண்டம் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக ஒன்று. "இதெல்லாம் சரி, பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு என்று ஒன்று இருக்கிறதே, அப்போது என்ன செய்வாள்?" என்று ஒரு பெரியவர் நிச்சயம் கேட்பார். இக்கேள்வியை ஏதோ அனுதாபத்தினால் கேட்பது போலக் கேட்பார்கள். கேட்பதன் உத்தேசம் கதவைச் சாத்துவது. இதற்கு வாதத்தால் பதில் சொல்வதைவிட, நடந்ததைச் சொல்லுகிறேன். 2021-ல் கொரோனா நோய்க்காகப் பார்வையாளரை விடாமல் கால்கரி நகரத்தில் போட்டி நடந்தது. ஒன்டாரியோவின் தலைவி ரேச்சல் ஹோமன் எட்டு மாதக் கர்ப்பிணி. குனிந்து, ஒரு காலை நீட்டி, பனியின் மேல் வழுக்கிக்கொண்டே கல்லை விட வேண்டிய ஆட்டம் இது என்பதை மறந்துவிடாதீர்கள். அவர் தேசம் முழுவதிலுமிருந்து வந்தவர்களை ஒவ்வொருவராக வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்தார். அதில் 7-க்கு 9 என்ற கணக்கில் மானிடோபாவின் கெர்ரி ஐனார்சனிடம் தோற்றார். தோற்றதற்குக் கர்ப்பத்தைக் காரணம் சொல்ல வேண்டாம். ஐனார்சன் 2020 முதல் 2023 வரை நாலு வருஷமும் யாருக்கும் விட்டுக் கொடுக்காதவர். சில வாரத்தில் ஹோமனுக்குக் குழந்தை பிறந்தது. அவர் 2024-ல் திரும்பவும் தேசியப் பட்டத்தையும் உலகப் பட்டத்தையும் வாங்கினார். 2025-ல் இரண்டையும் மறுபடி வாங்கினார். அந்தப் பெரியவருக்கு நான் வேறு பதில் வைத்துக் கொண்டிருக்கவில்லை.

நேரமாகிவிட்டபடியால் நிறுத்திக் கொள்ளுகிறேன். சந்தேகம் உள்ளவர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொல்லுகிறேன். தாய்மார்கள் பக்கமிருந்து வருகிற சீட்டுகளை முதலில் எடுத்துக்கொள்ளும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக் கொள்ளுகிறேன்.