நாற்பத்திரண்டாம் நாள்

கார்த்திகை பிறந்துவிட்டால் திருவட்டாறு பக்கத்துச் சாயாக்கடைகளில் ஒரு மாற்றத்தைப் பார்க்கலாம். நேற்றுவரை ஒரு கையில் சாயா, மறுகையில் பீடி என்று நின்றவர் இன்று கழுத்தில் துளசிமாலையோடு வந்து சாயாவை மட்டும் குடித்துவிட்டுப் போவார். இருபது வருடமாகப் புகைத்தவர். அவருக்கு யாரும் மருந்து கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவும் இல்லை. ஆனாலும் 41 நாள் விரதத்தில் பீடியைத் தொடமாட்டார். சபரிமலைக்குப் போய்த் திரும்பி, மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் அதே கடையில் தீப்பெட்டி கேட்பார்.

நம் மாவட்டத்தில் பல வீடுகளில் இப்படி ஒருவர் உண்டு. தவக்காலம் முழுக்கப் புகையை விட்டுவிட்டு ஈஸ்டர் முடிந்ததும் எடுப்பவர் உண்டு. ரமலானில் விடியலிலிருந்து மஃரிப் வரை சிகரெட்டை நினைக்காமல் இருந்து, நோன்பு திறந்த கையோடு பற்றவைப்பவரும் உண்டு.

இவர்களிடம் கேட்டால், "விடணும்னு ஆசைதான், ஆனா மனசு வரலியே" என்பார்கள். ஆசை இருப்பது உண்மை. 2016-17இல் நாடு முழுவதும் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 100க்கு 55 பேர் விட்டுவிடும் எண்ணம் இருப்பதாகச் சொன்னார்கள். குறைவது ஆசை இல்லை. நம்மால் முடியும் என்ற நம்பிக்கை. 41 நாள் விரதம் இருந்தவருக்கு அந்த நம்பிக்கையைத் தேடி வெளியே போக வேண்டாம். அவர் ஏற்கெனவே செய்து காட்டிவிட்டார்.

உடம்பின் கணக்கையும் பாருங்கள். புகையை இழுத்த சில நொடிகளில் நிக்கோடின் மூளைக்குப் போய்விடுகிறது. அதை நிறுத்தினால் சிடுசிடுப்பு, தூக்கமின்மை, தவிப்பு எல்லாம் வரும். முதல் மூன்று நாள்தான் மிகக் கடினம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தவிப்பு அடங்கிவிடும். அப்படியானால் 42ஆம் நாள் பற்றவைக்கிற பீடியை உடம்பு அவ்வளவாகக் கேட்கவில்லை. பழகிய இடமும் பழகிய நேரமும்தான் கேட்கின்றன.

ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக வெட்டி முடித்தபின் பால் சிரட்டையில் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். கை சும்மா இருக்கும் அந்த நேரம்தான் பீடி நேரம். அங்கே பீடி இருந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். இரண்டு நல்லமிளகை மெல்லுங்கள். ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். புகைக்கத் தூண்டும் வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும்.

பீடிதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அது தவறு. பீடி இலை எளிதில் எரியாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் நிறையவே உள்ளே போகின்றன.

விரதம் எப்படி வெற்றி பெற்றது? தொடங்கும் நாள் முன்பே குறிக்கப்பட்டிருந்தது. ஊருக்கும் வீட்டுக்கும் தெரிந்திருந்தது. கூட நாலுபேர் இருந்தார்கள். கழுத்தில் கிடந்த மாலை ஒவ்வொரு நிமிடமும் நினைவூட்டியது. இதையெல்லாம் எந்த மாதத்திலும், எந்த மதத்தவரும் செய்யலாம். நாளைக் குறியுங்கள். மனைவி மக்களிடம் சொல்லுங்கள். உடன் வேலை பார்ப்பவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் பீடிக்கட்டு இருந்த இடத்தில் பேத்தியின் படத்தை வையுங்கள். தவிப்பு தாங்க முடியாவிட்டால் நிக்கோடின் சூயிங்கம் போன்ற மருந்துகள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள். நடுவில் ஒருநாள் தவறிவிட்டால் விரதமே கலைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். மறுநாள் காலையில் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

"இந்த வயசுக்கு மேல என்ன?" என்று கேட்கும் பெரியவர்களுக்கும் ஒரு சொல். நம் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6ஆம் தேதி குடமுழுக்கு நடந்தது. காலம் கடந்துவிட்டதென்று யாரும் கைவிடவில்லை. உடம்பும் அப்படித்தான். இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்ற மருத்துவ அறிஞர், 1951இல் தொடங்கி 50 ஆண்டுகள் ஆயிரக்கணக்கான மருத்துவர்களின் புகைப்பழக்கத்தைத் தொடர்ந்து கவனித்தார். தொடர்ந்து புகைத்தவர்களைவிட, 30 வயதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ 10 ஆண்டு ஆயுள் கூடியது. 50 வயதில் விட்டவர்களுக்கு 6 ஆண்டு. 60 வயதில் விட்டவர்களுக்கும் 3 ஆண்டு. மூன்று ஆண்டு என்பது ஒரு பேத்தியின் திருமணத்தைப் பார்க்கப் போதுமான காலம்.

மாலை போட்டவர்களே, தவக்காலம் காத்தவர்களே, நோன்பு நோற்றவர்களே! விரதம் முடிந்ததும் மற்றதெல்லாம் பழையபடி நடக்கட்டும். இந்த ஒன்றை மட்டும் மறுபடி தொடங்காதீர்கள். 41 நாள் முடிந்த உங்களால் 42ஆம் நாளும் முடியும்.

துணை வேண்டுமானால், புகையிலையை விட உதவும் தேசியத் தொலைபேசி எண் இருக்கிறது. கட்டணம் கிடையாது. தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்: 1800 11 2356. மறுபடியும் சொல்கிறேன்: 1800 11 2356.